மெழுகில் மோதிரம் செதுக்கும்போது வரும் கோளாறுகள்: தூளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

மெழுகில் மோதிரம் செதுக்கப் பழகுகிறவர்கள் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் உள்ளே மோதிரம் இரண்டு துண்டாகக் கிடக்கும். "நல்லாத்தான் வந்துட்டு இருந்துச்சு, திடீர்னு உடைஞ்சிருச்சு" என்பார்கள். நான் துண்டுகளைப் பார்க்க மாட்டேன், டப்பாவின் மூலையில் ஒட்டியிருக்கும் தூளைத்தான் முதலில் பார்ப்பேன். உலர்ந்த மாவு மாதிரி உதிர்ந்தால் மெழுகும் சரி, அரமும் சரி. நூல் நூலாக இழுத்துக்கொண்டு விரலில் ஒட்டினால் எங்கோ சூடு ஏறுகிறது, இல்லாவிட்டால் மெழுகே வேறு. கூரான சில்லுகளாகத் தெறித்திருந்தால் கை அவசரப்பட்டிருக்கிறது. பாதிக் கோளாறு இதிலேயே தெரிந்துவிடும்.

கீழே எழுதியிருப்பது கெட்டி மெழுகை அறுத்து, ராவி, சுரண்டி மோதிரம் செய்யும் முறைக்கு மட்டும். இப்படிச் செய்த மெழுகு மோதிரத்தைச் சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் வெள்ளியையோ தங்கத்தையோ ஊற்றி வார்ப்பார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து, இளஞ்சூட்டில் கையால் பிடித்து உருவம் செய்வது வேறு கலை. அது சேர்த்துக்கொண்டே போவது. நாம் செய்வது எடுத்துக்கொண்டே போவது. ஸ்தபதிகள் வேலை செய்யும் காணொளியைப் பார்த்துவிட்டு இந்த மெழுகை வெந்நீரில் போட்டுப் பிசையப் பார்த்தவர்கள் உண்டு.

அரம் அடைத்துக்கொள்கிறது, தூள் பிசுபிசுக்கிறது

கையில் இருப்பது என்ன மெழுகு என்று முதலில் பாருங்கள். மெழுகுவர்த்தியை உருக்கி அச்சில் ஊற்றிப் பழகலாம் என்று பலர் தொடங்குகிறார்கள். மெழுகுவர்த்தியும் தேன்மெழுகும் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும். அரம் உரசுகிற சூடும் விரல் சூடும் சேர்ந்தாலே அவை இளகும். ரப்பர் அச்சில் ஊற்றுவதற்கென்று கடையில் விற்கும் ஊசி மெழுகும் அப்படித்தான்; அது பாய்வதற்குச் செய்தது, ராவுவதற்கு அல்ல. செதுக்கு மெழுகு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அது உருக ஏறக்குறைய 115 டிகிரி வேண்டும்.

அதிலும் நிறம் பார்க்க வேண்டும். ஃபெரிஸ் ஃபைல்-எ-வாக்ஸ் வகையில் பச்சை மிகவும் கெட்டி, ஊதா நடுத்தரம், நீலம் வளைந்து கொடுப்பது. மற்ற கம்பெனிகளின் நிறம் இதே வரிசையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், கடைக்காரரிடம் கேளுங்கள். புதியவருக்கு ஊதா நல்லது என்பது என் கட்சி. பச்சை கோட்டையும் விளிம்பையும் அழகாகப் பிடிக்கும், ஆனால் தப்பை மன்னிக்காது. நீலத்தில் ராவுவதைவிடக் கத்தியால் சீவுவது எளிது. தூளும் சுருளாகத்தான் வரும், அது கோளாறு இல்லை.

மெழுகு சரியாக இருந்தும் அடைக்கிறதென்றால் அரத்தின் பல் நுணுக்கமாக இருக்கிறது. மெழுகுக்கென்று பெரிய பல் வைத்த அரம் விற்கிறார்கள். முதல் வேலை முழுக்க அதில்தான். அடைத்த அரத்தைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பல் போகும் திசையிலேயே துடைத்தால் போதும். வெள்ளிக்கும் மெழுகுக்கும் ஒரே அரத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளித் தூள் மெழுகில் புதைந்துவிடும், கண்ணுக்கும் தெரியாது.

மோட்டார் போடுகிறீர்களா? அப்படியானால் சந்தேகமே இல்லாமல் வேகம்தான். மிதி வைத்த தொங்கு மோட்டாரில் பர், அதாவது நுனியில் மாட்டும் சின்ன வெட்டுமுனை, சுற்றுவதைக் கண்ணால் எண்ணிவிடலாம் போலத் தோன்றும் அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் மெழுகு வெட்டுப்படாது, உருகி பரைச் சுற்றி உருண்டையாக உறைந்துவிடும். அந்த உருண்டை அடுத்த சுற்றில் மோதிரத்தை அறைந்து பள்ளம் பண்ணும். அப்புறம் அந்தப் பள்ளத்துக்குத் தனி வைத்தியம்.

ரம்பம் பாதியில் நின்றுவிடுகிறது

உலோகம் அறுக்கும் மெல்லிய பிளேடில் மெழுகை அறுத்தால், உரசலில் உருகிய மெழுகு பிளேடுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். முறுக்கு விட்டது மாதிரி இருக்கும் சுருள் பிளேடு வாங்குங்கள், தீர்ந்தது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டதை இழுக்க வேண்டாம். பிளேடின் வெளியே நிற்கும் பகுதியை லேசாகச் சூடு காட்டினால் தானே கழன்று வரும். சுருள் பிளேடு நேர்கோட்டில் போகாது என்பதால் கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தை ராவி எடுங்கள்.

மோதிரம் ஒரு பக்கம் நுழைகிறது, மறுபக்கம் இறுக்குகிறது

மெழுகுக் குழாயின் ஓட்டையைப் பெரிதாக்க, பக்கவாட்டில் ஒரு பிளேடு பதித்த மரக்கட்டை இருக்கிறதே, அது நுனியில் சிறுத்து அடியில் பருத்த வடிவம். ஒரே பக்கத்திலிருந்து திருகிக்கொண்டே போனால் ஓட்டையும் அதே மாதிரி கூம்பாகத்தான் வரும். இரண்டு திருகுக்கு ஒருமுறை மோதிரத்தைத் திருப்பிப் போடுங்கள். இறுக்கிப் பிடித்துத் திருகவும் வேண்டாம், பிளேடு தானே சீவட்டும். சீவல் நீளமாக, ஒரே தடிமனில் வந்தால் கை சரியாக இருக்கிறது.

அளவு வார்ப்புக்குப் பிறகு மாறிவிட்டது என்பது இன்னொரு புகார். உலோகம் உறையும்போது சுருங்கும். 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 17.3 மி.மீ. உள்விட்டம் உள்ள மோதிரம் 17 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே இறங்கும். சுற்றளவில் 1 மி.மீ. போய்விடும். பிறகு உட்புறத்தை உப்புத்தாள் போட்டு மெருகேற்றும்போது அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். எவ்வளவு போகும், எவ்வளவு வரும் என்பது உலோகத்தையும் வார்ப்பவரையும் உங்கள் கையையும் பொறுத்தது. அதனால் முதல் மோதிரத்தை அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் வளையமாகச் செய்து, வெள்ளியில் வார்த்து, முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். அந்த ஒரு எண்தான் அடுத்த எல்லா மோதிரத்துக்கும். வெறும் வெள்ளி வளையம் சற்றுச் சிறுத்தால் கட்டையில் தட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கல் வைத்த மோதிரத்தில் அந்த விளையாட்டு நடக்காது.

இரண்டு தோளும் ஒத்துவரவில்லை

மோதிரத்தின் முகப்பிலிருந்து இரண்டு பக்கமும் வளையமாக இறங்கும் இடம்தான் தோள். அது ஒத்துவராததுதான் மனதை உடைக்கும் கோளாறு. வலது பக்கம் கொஞ்சம் பருமனாகத் தெரிகிறது என்று ராவுவோம். இப்போது இடது பக்கம் பருமன். அதை ராவினால் மறுபடி வலது. கடைசியில் இரண்டும் ஒத்துவரும்போது மோதிரம் கம்பியாகியிருக்கும்.

கண்ணை நம்பி ராவியதுதான் காரணம். நான் பழகிய பட்டறையில் ஆசான் என் கையிலிருந்து மோதிரத்தை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் கவராயத்தை எடுத்து, நான் ராவி அழித்திருந்த நடுக்கோட்டை மறுபடி கீறிக் கொடுப்பார். கோடு போனால் கண் போச்சு என்று அர்த்தம். ஒரே நாளில் நான்கு முறை அப்படிக் கீறிக் கொடுத்திருக்கிறார். ஐந்தாவது முறை நானே கீறிக்கொண்டேன்.

வரிசை இப்படி. முதலில் குழாயிலிருந்து வெட்டிய துண்டின் இரண்டு முகத்தையும் கண்ணாடித் துண்டின் மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். முகங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் மேலே போடும் ஒரு கோடும் சரியாக இருக்காது. பிறகு மோதிரத்தைச் சுற்றி அகலத்தின் நடுவில் ஒரு கோடு, முகப்பின் உச்சியிலிருந்து அடிவரை குறுக்கே ஒரு கோடு. பச்சை மெழுகில் கீறல் கண்ணுக்குத் தெரியாது. முகத்துக்குப் போடும் பவுடரை விரலால் தேய்த்துத் துடைத்தால் கோடு வெள்ளையாக எழுந்து நிற்கும்.

இனி பக்கவாட்டு உருவத்தை மட்டும் வெட்டுங்கள். அதாவது மோதிரத்தை ஓட்டை வழியாகப் பார்க்கும்போது தெரியும் வெளிக்கோடு. அது இரண்டு பக்கமும் அளவில் ஒத்த பிறகுதான் மேலிருந்து பார்க்கும் உருவம். முகப்பு அகலமாக, அடி குறுகலாக. இந்தக் கட்டம் வரை எல்லாப் பரப்பும் தட்டையாக, எல்லா விளிம்பும் கூராக இருக்க வேண்டும். மோதிரம் பார்க்க அசிங்கமாக, தகரத்தில் வெட்டியது போல இருக்கும். பரவாயில்லை, அப்போதுதான் அளக்க முடியும். உருட்ட ஆரம்பித்துவிட்டால் கவராயத்துக்குக் கால் வைக்க இடம் கிடைக்காது.

உருட்டுவதையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு விளிம்பையும் சாய்வாகச் சீவி ஒரு பட்டை எடுங்கள். நான்கு பட்டையும் ஒரே அகலம் வந்ததும், அந்தப் பட்டைகளின் விளிம்பில் மறுபடி சின்னப் பட்டை. அப்புறம் மிச்சமிருப்பதைத் தேய்த்தாலே உருண்டை. வலதில் பத்து இழுப்பு என்றால் இடதிலும் பத்து. வாய்விட்டு எண்ணுவதில் வெட்கம் வேண்டாம்.

ஒரு மணி நேரம் ஒரே பொருளைப் பார்த்த கண்ணுக்குக் கோணலும் நேராகத்தான் தெரியும். கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். பிம்பத்தில் இடவலம் மாறுவதால் கோணல் பளிச்சென்று குதிக்கும்.

உடைந்துவிட்டது

எங்கே உடைந்தது? அடிப்பகுதியில் என்றால், கையில் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ராவியிருக்கிறீர்கள். அரத்தின் அழுத்தம் முழுக்க வளையத்தின் பலவீனமான இடத்தில் போய் நிற்கும். மேசை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துண்டின் மேல், ராவுகிற இடத்துக்கு நேர் கீழே மரம் தாங்கும்படி வையுங்கள். முகப்புக்கும் தோளுக்கும் இடையில் உடைந்தால், உட்புறத்தைக் குடைந்துவிட்டு அப்புறம் வெளியே ராவியிருப்பீர்கள். குடைவது கடைசி வேலை. அடிப்பகுதியை மெலிதாக்குவதும் அப்படித்தான். முகப்பு வேலை முடியும்வரை அடி தடிமனாகவே இருக்கட்டும்.

ஒட்டலாம், ஒட்டினால் நிற்கும். ஆனால் பலர் செய்வது மேல்பூச்சு. விரிசலின் மேல் கொஞ்சம் மெழுகை உருக்கிப் பூசுவார்கள், உள்ளே இரண்டு துண்டும் ஒட்டாமலேயே இருக்கும். அடுத்த அரத்தில் அதே இடம் திறந்துகொள்ளும். துண்டுகளைச் சேர்த்து, சூடான கருவி முனையால் ஓரிரு இடத்தில் உருக்கிப் புள்ளி வைத்துப் பிடிக்க வையுங்கள். பிறகு விரிசல் நெடுக ஆங்கில வி எழுத்து மாதிரி பள்ளம் எடுத்து, சூடான முனையை அடிவரை இறக்குங்கள். இரண்டு பக்கத்து மெழுகும் உருகிக் குளம் போலச் சேர வேண்டும். அதே மெழுகின் சீவலை அதில் போட்டு மேடாக நிரப்புங்கள், ஆறும்போது நடுவில் குழியும். மறுபக்கத்திலும் இதே வேலை. முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள், ஊதாதீர்கள்.

ஒட்டிய இடத்தை ராவும்போது உள்ளே குமிழிகள் தெரிந்தால் சூடு அதிகம். முனையை வைத்ததும் புகை வந்ததா? வந்திருக்கும். மின்சார மெழுகுப் பேனாவில் சூட்டைக் குறையுங்கள். பேனா இல்லாமல் பல் டாக்டர்கள் வைத்திருக்கும் கரண்டி முனைக் கருவியைச் சூடாக்கி வேலை செய்பவர்கள் முனையைத் தீயில் காட்ட வேண்டாம். முனைக்குச் சற்று மேலே தண்டைச் சூடாக்கினால் வெப்பம் தானே இறங்கி வரும். ஸ்பிரிட் விளக்கு நல்லது. மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் கரி படிந்து, அது மெழுகுக்குள் கரும்புள்ளியாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எடை தாறுமாறாக வருகிறது

மெழுகின் அடர்த்தி தண்ணீருக்கு அருகில்தான். அதனால் மெழுகு மோதிரத்தின் எடையை உலோகத்தின் அடர்த்தியால் பெருக்கினால் நகையின் எடை ஏறத்தாழத் தெரிந்துவிடும். வெள்ளிக்கு 10.5, 18 காரட் தங்கத்துக்கு 15.5 முதல் 16, 22 காரட்டுக்கு 18 பக்கம். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு இதற்குக் கட்டாயம்.

கையில் இருக்கும் மெழுகு 0.92 கிராம் என்றால் வெள்ளியில் 9.7 கிராம், தாங்கிக்கொள்ளலாம். அதையே 22 காரட்டில் வார்த்தால் பதினாறரை கிராம், இரண்டு சவரனுக்கும் மேல். மெழுகில் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும் அந்தத் தடிமன் வீட்டு பட்ஜெட்டையே அடித்துவிடும்.

குறைப்பதென்றால் வெளியே தொட வேண்டாம். முகப்புக்கு அடியில், தோள்களின் உட்புறத்தில் உருண்டை பர் வைத்துக் குடையுங்கள். விரலைத் தொடும் விளிம்பை விட்டுவிட்டு நடுவில் மட்டும். எவ்வளவு குடைந்தோம் என்று பார்க்க விளக்குக்கு எதிரே பிடியுங்கள்: பச்சை மெழுகென்றால் தடிமனான இடம் இருண்ட பச்சையாகவும், மெலிந்த இடம் வாழையின் இளங்குருத்து நிறத்திலும் தெரியும். குருத்து நிறம் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடம் மட்டும் வெளுத்துக்கொண்டு வந்தால் அங்கே நிறுத்துங்கள். 1 மி.மீ. இருப்பது நிம்மதி, 0.8க்குக் கீழே போனால் உலோகம் நிரம்புமா என்பதே கேள்வி. பிறகு ராவி மெருகேற்றும்போது இன்னும் கொஞ்சம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஸ்பிரிங் வைத்த தடிமன் அளவியைத் தானாக மூட விட்டால் அது மெழுகில் குழி போடும், கையால் பிடித்து மெல்ல மூடுங்கள்.

கல் உட்காரவில்லை

மெழுகில் கல்லை வைத்துப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது, வெள்ளியில் உட்காரவில்லை என்றால் அதுவும் சுருக்கம்தான். 6 மி.மீ. கல்லுக்கு 0.1 மி.மீ. குறைந்தாலே போதும், விளிம்பில் நின்றுகொள்ளும். மெழுகில் இருக்கையைக் குறிப்பாக மட்டும் எடுத்துவிட்டு, உண்மையான இருக்கையை உலோகத்தில் வெட்டுவதுதான் பத்திரம். கல்லைப் பிடிக்கும் நகங்களைத் தேவைக்கு மேல் தடிமனாகவும் உயரமாகவும் விடுங்கள்.

மேற்பரப்பில் கீறல் போகவில்லை

மெழுகில் இருக்கும் கீறல் அப்படியே உலோகத்தில் வரும். மெழுகில் ஒரு நிமிடத்தில் போகும் கீறலுக்கு வெள்ளியில் கால் மணி நேரம் ஆகும். அரக்கீறல்களை உப்புத்தாளால் போக்க முயல வேண்டாம், முதலில் கத்தியின் முதுகாலோ பழைய பிளேடாலோ குறுக்குவாட்டில் சுரண்டுங்கள். அதன் பிறகு 400, 600 எண் உப்புத்தாள், கடைசியில் பழைய நைலான் காலுறைத் துண்டு. லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைப் பஞ்சில் தொட்டு ஒரு தடவு தடவினால் பளபளக்கும். ஆனால் நுணுக்கக் கோடுகளையும் அது கரைக்கும், பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு எரிந்தால் உங்களையும் விடாது. சுடரில் ஒரு வீச்சு காட்டிப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் உழைத்த விளிம்பு ஒரு நொடியில் உருண்டு போகும்.

வார்த்து வந்த பிறகு தெரியும் கோளாறுகள்

இங்கேதான் சண்டை வரும். எனக்கும் வந்தது. மோதிரத்தின் முகப்பில் பஞ்சு மாதிரி பொத்தல், வார்த்துக் கொடுத்தவரிடம் போய்க் குரலை உயர்த்தினேன். அவர் என் மெழுகின் படத்தைப் போனில் காட்டினார். உலோகம் பாய்ந்து வரும் தண்டை, அதாவது ஸ்ப்ரூவை, நான்தான் ஒட்டிக் கொடுத்திருந்தேன். மோதிரத்தின் மெலிந்த அடியில், தீக்குச்சி தடிமனில். தண்டும் அடியும் முதலில் உறைந்துவிட, தடித்த முகப்பு கடைசியில் உறையும்போது உறிஞ்சிக்கொள்ள உலோகம் இல்லை. அதனால் உள்ளே பொத்தல். தண்டை எப்போதும் தடித்த இடத்தில், அந்த இடத்தைவிட மெலியாத தடிமனில் வையுங்கள். சேரும் இடத்தில் கழுத்து சிறுக்காமல், கூரான மூலை இல்லாமல் வழித்துவிடுங்கள்.

மற்றவற்றை இப்படிப் பிரிக்கலாம். மேற்பரப்பில் உலோகமே கடுகு மாதிரி உருண்டு வெளியே துருத்தியிருந்தால், மெழுகைச் சுற்றி ஊற்றிய பிளாஸ்டர் கலவையில் காற்றுக் குமிழி நின்றிருக்கிறது. அது வார்ப்பவரின் பக்கம். மெல்லிய சிறகு மாதிரித் தகடு நீட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டர் விரிசல் விட்டிருக்கிறது, அதுவும் அவர் பக்கம். ஒழுங்கில்லாத குழிகள் அங்கங்கே இருந்தால் அழுக்கு: மெழுகில் புதைந்த தூள், கரி, ஒடிந்து உள்ளே விழுந்த பிளாஸ்டர் துணுக்கு. இதில் இருவருக்கும் பங்கு இருக்கலாம். மெழுகுத் தூளைத் துடைக்காமல் கொடுத்திருந்தால் பங்கு உங்களுக்கு அதிகம். தூளும் உருவமாகவே வார்ப்பாகி, மேற்பரப்பு மணல் தெளித்தது போல வரும். நுனி நிரம்பாமல் மழுங்கி நின்றால் அந்த இடம் மெலிதாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் உலோகமோ அச்சோ போதிய சூட்டில் இருந்திருக்காது. மெழுகின் அளவை எழுதி வைத்திருந்தால்தான் எது என்று பேச முடியும்.

அதனால் கொடுக்கும் முன் மெல்லிய பிரஷ்ஷால் தூளைத் தட்டி, எடை போட்டு, நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். டப்பாவில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி மெத்தை போட்டு வையுங்கள், பஞ்சு வேண்டாம், நார் ஒட்டும். கோடையில் அந்த டப்பாவை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மெழுகு உருகாது, ஆனால் மெலிந்த வளையம் மெல்ல நீள்வட்டமாகியிருக்கும். சட்டைப் பையும் வேண்டாம், உடம்புச் சூடு இருக்கிறது. கைப்பையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில்.